புளோரிடா இரவு: நிலவைப் பார்த்து நாள் குறியுங்கள்

புளோரிடா விடுமுறைக்குத் திட்டம் போடும் குடும்பங்கள் பகல் பொழுதை மணிக்கணக்கில் அலசி ஆராய்கின்றன. இரவு என்று வந்தால் "சாப்பிட்டுவிட்டு பீச்சுக்குப் போவோம்" என்பதோடு சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே அடிக்கும் புழுக்கத்தில் பிள்ளைகளும் பெரியவர்களும் மதியத்துக்குள் துவண்டுவிடுவார்கள். வெளியில் நிம்மதியாக இருக்க முடிவதே பொழுது சாய்ந்த பிறகுதான். அந்த நேரத்தைக் கடிகாரம் மட்டும் பார்த்துத் திட்டமிட்டால் பாதி இரவுகள் வீணாகும். நிலவு, இடி, சூரியன் மறையும் நேரம் மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

நிலவு ஏன் என்பதற்கு டைட்டஸ்வில் பக்கத்துக் காயல்களே சாட்சி. ஆர்லாண்டோவிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்தியன் ரிவர், மஸ்கீட்டோ லகூன் என்ற அந்தக் காயல்களில் கோடையில் டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. நீர் அசைந்தால் அவை நீலமாக ஒளிரும். துடுப்பை இழுத்தால் சுழல் சுழலாக வெளிச்சம் எழும். படகுக்கு அடியில் மீன் ஓடினால் ஒளிக்கோடு ஒன்று கிழித்துக்கொண்டு போகும். கையை நனைத்துத் தூக்கினால் விரல்களிலிருந்து பொறி பொறியாகச் சொட்டும். ஆனால் அது மங்கலான ஒளி. நிலவு மேலே இருந்தால் பாதிக்குப் பாதி தெரியாது.

பௌர்ணமிக்கு அருகில் போகக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். "பாதி நிலவுதானே, பரவாயில்லை" என்பதில்தான் தவறுகிறார்கள். வளர்பிறை அஷ்டமியில் பொழுது சாயும்போதே நிலவு உச்சியில் நிற்கும், நள்ளிரவு வரை இறங்காது. தேய்பிறை அஷ்டமியில் அதே பாதி நிலவு நள்ளிரவை ஒட்டித்தான் எழும். அதுவரை நல்ல இருட்டு. நிலவு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுவதே இதற்குக் காரணம். ஆகவே பௌர்ணமி கழிந்து ஐந்து நாள் விட்டு, அமாவாசை தாண்டி மூன்றாம் பிறை வரைக்கும் உள்ள நாட்களில் ஒன்றைப் பிடியுங்கள். வீட்டு நாள்காட்டியின் திதி இந்திய நேரத்துக்குக் கணித்தது, புளோரிடா கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால் டைட்டஸ்வில்லுக்கான நிலவெழும் நேரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய மாலை 8:20 ஆகிவிடும். முழு இருட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். இந்த ஒளியைப் பார்க்க எட்டரை மணிப் படகை முன்பதிவு செய்தவர்கள் பாதி நேரம் வெளுத்த வானத்தைத்தான் பார்ப்பார்கள். பத்து மணிப் படகு பிள்ளைகளுக்குத் தாமதம்தான். மதியம் தூங்கவைத்துக் கூட்டிப் போங்கள்.

காலுக்கு விரல் மூடிய, நனையக்கூடிய காலணி வேண்டும். கரையோரச் சிப்பிகள் கத்தி போல வெட்டும். கொசுவோடு, கண்ணுக்கே தெரியாத கடிப்பூச்சிகளும் அந்தி நேரத்தில் மொய்க்கும். முழுக்கைச் சட்டைதான் முதல் காப்பு. பிறகு 20 முதல் 30 விழுக்காடு டீட் (DEET) என்னும் பூச்சிவிரட்டிப் பொருள் உள்ள மருந்து. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அதைப் பூசவே கூடாது. பூசிய கையைக் காயல் நீரில் அளையாதீர்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை சிறு படகில் உயிர்காப்பு அங்கி அணிந்தே இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பெரியவர்களும் போட்டுக்கொள்வதே சரி. கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும், மீண்டும் பழக 20 நிமிடம் பிடிக்கும்.

இடி விஷயத்தில் தயவுசெய்து துணிச்சல் காட்டாதீர்கள். இரு கடற்கரைகளிலிருந்தும் வீசும் கடற்காற்று மாநிலத்தின் நடுவில் மோதி, கோடையில் அநேகமாகப் பிற்பகல்தோறும் மழைமேகத்தை எழுப்புகிறது. மாலை ஏழு, எட்டு மணி வரைகூட அது நீளும். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். கடைசி இடிக்குப் பிறகு முழுதாக 30 நிமிடம் காத்திருந்துதான் வெளியே வர வேண்டும். கடற்கரையில் பலரும் ஓடி ஒதுங்குவது சுவரில்லாத கொட்டகைக்கு. அது மழைக்குத்தான் ஆகும், மின்னலுக்கு ஆகாது. நான்கு சுவருள்ள கட்டடம், அல்லது கண்ணாடியை ஏற்றிவிட்ட, உலோகக் கூரை போட்ட கார், இவைதான் புகலிடம்.

மெல்போர்ன் பீச்சுக்குத் தெற்கே ஆர்ச்சி கார் வனவிலங்குப் புகலிடத்தின் மணலில் கோடை இரவுகளில் பெருந்தலை ஆமைகளும் பேராமைகளும் கரையேறி முட்டையிடுகின்றன. அதைப் பார்க்க ஜூன், ஜூலையில் அனுமதி பெற்ற வழிகாட்டிகள் நடத்தும் இரவு நடை உண்டு. முன்பதிவு சீக்கிரமே தீர்ந்துவிடும். ஒன்பது மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை உட்கார்ந்திருக்க நேரலாம், ஆமை வராமலும் போகலாம். தாமாகப் போய் டார்ச் அடித்துத் தேடுகிறவர்கள்தான் கெடுக்கிறார்கள். வெளிச்சம் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். தற்செயலாக எதிர்ப்பட்டால் அப்படியே நின்று, அதன் முகத்துக்கு எதிரே போகாமல் விலகுங்கள். பகலில் பிள்ளைகள் தோண்டிய மணல்குழியை மூடிவிட்டுக் கிளம்புங்கள், அதில் விழுந்த ஆமை ஏற முடியாமல் தவிக்கும்.

கேப் கனாவெரல் ராக்கெட் இரவில் கிளம்பினால் டைட்டஸ்வில்லின் மேக்ஸ் பிரூவர் பாலத்திலிருந்து அருமையாகத் தெரியும். நெருப்பு தெரிந்து சுமார் ஒரு நிமிடம் கழித்துத்தான் முழக்கம் வந்து சேரும், ஏவுதளம் சுமார் 12 மைல் தள்ளி அல்லவா. ஏவுதல் கடைசி நொடியில் தள்ளிப்போவது சகஜம். அந்த இரவுக்கு அது ஒன்றையே நம்பி இருக்காதீர்கள். மாநிலப் பூங்காக்கள் பெரும்பாலும் சூரியன் மறைந்ததும் மூடிவிடும். மாநிலத்தின் வடமேற்கில் உள்ள பென்சகோலா, டெஸ்டின் பக்கம் போகிறவர்களுக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும்.

ஆர்லாண்டோவை ஒட்டிய கிஸ்ஸிமி வட்டாரத்தில் வாடகை வீடெடுத்தவர்கள் கொல்லைப்புறக் குட்டையை அழகுக்கு வெட்டியதாக நினைத்துவிட வேண்டாம். முதலை இனமான அலிகேட்டர் புளோரிடாவின் எந்த நன்னீரிலும் இருக்கலாம். அந்தி முதல் விடியல் வரை அது இரை தேடும் நேரம். பிள்ளைகளைக் கரையோரம் விடாதீர்கள். இரை போடுவது சட்டப்படி குற்றம்.

கடலோரத்தில் அறை எடுத்திருந்தால் படுக்கப் போகுமுன் பால்கனி விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிடுங்கள். முட்டையிலிருந்து வரும் ஆமைக்குஞ்சு வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நம்பித்தான் நடக்கத் தொடங்குகிறது. உங்கள் அறை விளக்கைக் கடலென்று நினைத்தால் அது சாலைக்குத்தான் போய்ச் சேரும்.