சொல் விளக்கம்: முறையற்ற நுழைவு, அனுமதியற்ற தங்கல்

அமெரிக்காவில் டெக்சாஸோ ஓக்லஹோமாவோ குடியேறிகளைக் கைதுசெய்யப் புதுச் சட்டம் கொண்டுவந்தால், நம் செய்திகளில் 'சட்டவிரோதக் குடியேற்றம்' என்ற ஒரே தொடர்தான் வருகிறது. ஆங்கிலச் சட்டவாசகத்திலோ இரண்டு சொற்கள் உள்ளன: 'என்ட்ரி', 'பிரசன்ஸ்'. வழக்குகள் பல இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கின்றன.

'என்ட்ரி' இலத்தீனின் 'இன்த்ராரே' (உள்ளே செல்) என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நுழைவு என்பது ஒரு செயல். நடந்த கணத்திலேயே முடிந்துவிடும். சோதனைச் சாவடியைத் தவிர்த்து எல்லையைக் கடப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1929 முதலே குற்றமாக வைத்திருக்கிறது. இன்றைய 1325ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. அந்தப் பிரிவின் தலைப்பில் இருப்பது 'இம்ப்ராப்பர்' என்ற மென்மையான சொல்; ஆகவே 'முறையற்ற நுழைவு' என்பதே பொருத்தம்.

'பிரசன்ஸ்' என்பதன் மூலம் 'ப்ரேசென்ஷியா'. முன்னால் இருத்தல் என்று பொருள். நம் 'பிரசன்னம்' காதுக்கு அதன் உறவுபோலக் கேட்டாலும், தெளிவு, அருள் என்ற பொருளுடைய வடசொல் அது, இரண்டுக்கும் தொடர்பில்லை. 'இருப்பு' என்றால் கடைச் சரக்கும் வங்கிக் கணக்கும் நினைவுக்கு வரும். எனவே 'தங்கல்' என்பேன். மாணவர் விசாவில் முறையாக வந்து, காலக்கெடு முடிந்தும் திரும்பாதவர் நுழைவில் எந்தத் தவறும் செய்யவில்லை, அனுமதியின்றித் தங்கியிருக்கிறார். அவரை வெளியேற்றலாம். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 180 நாளுக்கு மேல் அப்படித் தங்கிவிட்டு நாட்டைவிட்டுப் போனால் மூன்றாண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் பத்தாண்டும் மீண்டும் வரத் தடை உண்டு. ஆனால் தங்குவது மட்டுமே பொதுவாகக் குற்றம் ஆகாது. அரிசோனாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் இதைத் தெளிவாகவே சொன்னது. அச்சட்டத்தில் வழக்குக்கு உள்ளான நான்கு பிரிவுகளில் மூன்றைச் செல்லாது என்றது.

மாநிலங்கள் விடவில்லை. டெக்சாஸ் 2023 டிசம்பரில் நுழைவையே மாநிலக் குற்றமாக்கியது. ஓக்லஹோமா 2024இல் ஒரு புதுக் குற்றத்துக்கே பெயர் சூட்டியது: 'இம்பெர்மிசிபிள் ஆக்குபேஷன்', அதாவது 'அனுமதியற்ற குடியிருப்பு'. நுழைந்து அங்கேயே தங்குவது என்று இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியது. சட்டம் எழுதியவர்களின் சாமர்த்தியத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு வேடிக்கை: 1889இல் பழங்குடியினர் பகுதியில் நிலம் பிடிக்க அறிவித்த நேரத்துக்கு முன்பே திருட்டுத்தனமாக நுழைந்தவர்களுக்கு 'சூனர்' என்று பெயர், அதுவே இன்று அம்மாநிலத்தின் செல்லப்பெயர்.

தமிழில் 'கள்ளக்குடியேறி' என்ற சொல்லும் புழங்குகிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலங்கையில் மலையகத் தமிழரை 'கள்ளத்தோணி' என்று ஏசிய வரலாறு நமக்கு உண்டு. 'கள்ள' என்ற முன்னொட்டு செயலை விட்டுவிட்டு ஆளின்மேல் ஒட்டிக்கொள்ளும்.

'நுழை'க்கு இணையான பழஞ்சொல் 'புகு'. அதிலிருந்து வரும் 'புகல்' உள்ளே செல்வதையும் குறிக்கும், அடைக்கலத்தையும் குறிக்கும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமும் எந்த வழியாக வந்தவரானாலும் புகலிடம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்கிறது. டெக்சாஸ் சட்டமோ, புகலிடம் ஏற்கெனவே கிடைத்தவர் அதைத் தம் தரப்பு வாதமாக வைக்க இடம் தருகிறது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்த இடம் இல்லை.