ரொட்டேஷன்: தொடக்க எறிவாளர் முறை

சொல்: ரொட்டேஷன், முழு வடிவம் ஸ்டார்ட்டிங் ரொட்டேஷன். துறை: பேஸ்பால். தமிழில்: தொடக்க எறிவாளர் முறை. ஒருமுறை சொன்ன பிறகு 'முறை' என்றாலே போதும்.

ஓர் அணியில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் (மட்டையாளருக்குப் பந்தை எறிபவர்கள்) நாள் கணக்கு வைத்து ஒருவர் பின் ஒருவராகக் களமிறங்கும் ஒழுங்குக்கு ரொட்டேஷன் என்று பெயர். அமெரிக்க மேஜர் லீகில் இன்று வழக்கமாக ஐந்து பேர். திங்களன்று எறிந்தவருக்கு, இடையில் ஆட்டமில்லாத நாள் வராவிட்டால், சனிக்கிழமை மறுபடி முறை வரும். பருவத்தில் 162 ஆட்டங்கள். ஐந்தால் வகுத்தால் ஒருவருக்கு 32 அல்லது 33 முறை. காயமில்லாமல் அத்தனையையும் முடிப்பவர்கள் குறைவு. அதனால் ஒரு பருவத்தில் எட்டு, ஒன்பது பேரையாவது தொடக்க எறிவாளராக இறக்காமல் பெரும்பாலான அணிகள் தப்புவதில்லை.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு 'தொடக்க' என்ற அடைமொழி வேறொன்றை நினைவூட்டும். அங்கே தொடக்கப் பந்துவீச்சாளர் புதுப்பந்தில் நான்கைந்து ஓவர் போட்டுவிட்டு ஒதுங்குவார், பிறகு திரும்பி வருவார். பேஸ்பாலில் அப்படியில்லை. தொடங்கியவரே, மாற்றப்படும் வரை, தன் அணியின் ஒவ்வொரு பந்தையும் எறிகிறார். ஆட்டத்தை விட்டு எடுத்துவிட்டால் அன்று மீண்டும் வர முடியாது. பேஸ்பால் ஆட்டத்தில் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ்; இன்றைய கணக்கில் அவர் எறிவது ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ், சுமார் 80 முதல் 100 பந்துகள். ஆட்டத்தின் வெற்றி அவர் பெயரில் பதிவாக வேண்டுமானால் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் எறிந்திருக்க வேண்டும் என்பது விதி. மிச்சத்தைப் புல்பென் எனப்படும் மாற்று எறிவாளர் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

சொல்லின் வேர் லத்தீன் 'ரோட்டா', அதாவது சக்கரம். சக்கரம் போல் சுற்றி வருவது ரொட்டேஷன். பேஸ்பாலுக்குள் இந்தச் சொல் வருவதற்கு முன் அந்த வழக்கம் வரவேண்டியிருந்தது, அதற்கு நாளாயிற்று. பிட்சர் என்ற பெயரே பழைய ஆட்டத்தின் எச்சம். நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் குழு 1845இல் எழுதிய விதிகளில், பந்தைக் கையைக் கீழே வைத்துத் தள்ளிப்போட வேண்டும், எறியக் கூடாது என்று இருக்கிறது. தள்ளிப்போடுவதுதான் 'பிட்ச்'. அப்படிப் போட்டால் தோள் நோகாது. ஒருவரே நாள்தோறும் போடலாம். ரொட்டேஷனுக்குத் தேவையே இல்லை.

1884இல் நேஷனல் லீக் தலைக்கு மேலே கையைத் தூக்கி எறிய அனுமதித்தது. அதே ஆண்டு பிராவிடன்ஸ் கிரேஸ் அணியில் எறிவாளர் சார்லி ஸ்வீனி ஜூலையில் விலகிவிட, 'ஓல்ட் ஹாஸ்' ராட்போர்ன் மீதி ஆட்டங்களை ஏறக்குறைய தனியாளாகச் சுமந்தார். அந்தப் பருவத்தில் அவர் எறிந்தது 678⅔ இன்னிங்ஸ். அவர் கணக்கில் வெற்றிகள் 59 என்பார் சிலர், 60 என்பார் சிலர்; அன்றைய பதிவு விதியை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இன்று ஒருவர் 200 இன்னிங்ஸ் எறிந்தாலே பெரிய பேச்சு. 1893இல் எறியும் தூரம் 60 அடி 6 அங்குலமாக நீண்டது. தூரம் கூடக் கூட, முழு வேகத்தில் எறியும் பழக்கம் பெருகப் பெருக, ஒருவருக்குப் பதில் இருவர், மூவர், நால்வர் என்று ஆட்கள் கூடினார்கள்.

நால்வர் முறைக்கு உச்சம் என்று 1971ஆம் ஆண்டு பால்டிமோர் ஓரியோல்ஸைச் சொல்லலாம். டேவ் மெக்னாலி, மைக் கியூயார், ஜிம் பால்மர், பாட் டாப்சன் ஆகிய நால்வரும் அந்தப் பருவத்தில் ஆளுக்கு இருபதோ அதற்கு மேலோ வெற்றி கண்டவர்கள். ஆனால் அந்தப் பத்தாண்டிலேயே ஐவர் முறை பரவத் தொடங்கிவிட்டது. ஜப்பானில் இன்னும் ஒருபடி மேலே: அங்கே பெரும்பாலும் திங்கள் ஆட்டமில்லை, ஆறு பேர், ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள். அங்கிருந்து அமெரிக்கா வரும் எறிவாளர்களுக்கு ஐந்தாம் நாளே மறுபடி எறிவதுதான் முதல் சிரமம்.

இடையிலுள்ள நான்கு நாளும் சும்மா உட்கார்ந்திருக்கும் நாள்கள் அல்ல. அணிக்கு அணி வேறுபடும், பொதுப்போக்கு இது: எறிந்த மறுநாள் ஓட்டம், கால் பயிற்சி, தோளை இளக்கும் வேலை. இரண்டாம் நாள், சிலருக்கு மூன்றாம் நாள், புல்பெனில் (மாற்று எறிவாளர்கள் பயிற்சி எடுக்கும் இடமும் அதுவே) எறியும் மேட்டின் மேலிருந்து 25 முதல் 35 பந்துகள், முழு வேகமில்லாமல். போன ஆட்டத்தில் சரியாக விழாத பந்தைத் திருத்துவது அப்போதுதான். நான்காம் நாள் லேசாகப் பந்தை எறிந்து பிடிப்பது, எதிரணி மட்டையாளர்களின் காணொளி. மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் இந்த ஒழுங்கு குலையும்; ஒருவர் நகர்ந்தால் அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் நகர வேண்டும், அல்லது ஒருவருடைய முறையைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டப்படுவது பெரும்பாலும் ஐந்தாமவர்தான். ஏப்ரலில் ஆட்டமில்லாத நாள்கள் அடிக்கடி வருவதால் சில அணிகள் முதல் இரண்டு வாரம் ஐந்தாமவரே இல்லாமல் ஓட்டிவிடுவதும் உண்டு.

முதல் மூன்று இடங்களைப் பற்றி, பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாம் நடக்கும் மார்ச்சில், யாரும் சண்டை போடுவதில்லை. சண்டையெல்லாம் நான்காம், ஐந்தாம் இடங்களுக்கு. போட்டியாளர்கள் பெரும்பாலும் இருபத்தைந்து வயதை ஒட்டியவர்கள். 2023இல் அட்லாண்டா பிரேவ்ஸ் இதற்கு நல்ல உதாரணம். மேக்ஸ் ஃப்ரீட், ஸ்பென்சர் ஸ்ட்ரைடர், சார்லி மார்ட்டன் மூவரும் உறுதி. முந்தைய பருவத்தில் 21 வெற்றி பெற்ற கைல் ரைட் தோள் சிக்கலால் தாமதம். ஆக இரண்டு இடம் காலி. இயன் ஆண்டர்சனும் பிரைஸ் எல்டரும்தான் நிரப்புவார்கள் என்பது பொது எதிர்பார்ப்பு. ஆண்டர்சன் 2021 உலகத் தொடரின் (மேஜர் லீகின் இறுதித் தொடர்) மூன்றாம் ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸில் ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துவிட்டுத் தளம் சேர ஒரு வாய்ப்புகூட, கொடுக்காதவர். ஆனால் ஃபுளோரிடாவின் நார்த் போர்ட் முகாமில் மார்ச் நடுவிலேயே இருவரையும் கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டு, மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியாத இரண்டு இடக்கையர்களை அணி தேர்ந்தெடுத்தது: ஜாரெட் ஷஸ்டர், டிலன் டாட். மேஜர் லீகில் ஆட அணி பதிவு செய்துவைக்கும் 40 பேர் பட்டியலிலேயே அதுவரை இல்லாதவர்கள்.

முகாமில் என்ன பார்க்கிறார்கள்? ஈஆர்ஏ என்னும் சராசரியை (தன் அணியின் தடுப்புப் பிழையால் வராத, எறிவாளர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களை ஒன்பதால் பெருக்கி, இன்னிங்ஸால் வகுப்பது) அல்ல. முகாமில் ஒருவருக்குக் கிடைப்பது பதினைந்து, இருபது இன்னிங்ஸ். அதில் ஒரே ஒரு மோசமான இன்னிங்ஸ் சராசரியைத் தலைகீழாக்கிவிடும். பிற்பாதி இன்னிங்ஸ்களில் எதிரே நிற்பவர்கள் ஜெர்சி எண் எழுபதுக்கு மேல் போட்ட கீழ்நிலை ஆட்டக்காரர்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அரிசோனாவில் முகாம் என்றால் வறண்ட காற்றில் வளைபந்து சரியாக வளையாது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் கவனிப்பது வேறு: ஒவ்வொரு மட்டையாளருக்கும் முதல் பந்து ஸ்ட்ரைக்காக (அடிக்கக்கூடிய எல்லைக்குள்) விழுகிறதா, நான்காம் இன்னிங்ஸிலும் முதல் இன்னிங்ஸின் வேகம் நிற்கிறதா, எதிர்க்கை மட்டையாளருக்கு எதிராக ஒரு பந்து இருக்கிறதா.

கடைசியாகச் சொன்னதுதான் பலரைக் கவிழ்ப்பது. ஃபாஸ்ட்பால் (முழு வேகப்பந்து), ஸ்லைடர் (பக்கவாட்டில் வளைவது) என்று இரண்டு பந்து மட்டும் வைத்திருக்கும் வலக்கை இளைஞர் வலக்கை மட்டையாளர்களை முகாம் முழுக்கத் திணறடிப்பார். இடக்கையருக்கு அந்த ஸ்லைடர் மட்டையை நோக்கி உள்ளே வளைந்து வரும், பார்க்கவும் எளிது. அவர்களை ஏமாற்ற, ஃபாஸ்ட்பால் போலவே கையிலிருந்து கிளம்பி மணிக்கு எட்டு, பத்து மைல் குறைவாக வரும் சேஞ்ச்அப் தேவை. அது இல்லாவிட்டால் மட்டை வரிசையை முதல் சுற்றில் சமாளிக்கலாம், இரண்டாம் சுற்றிலும் தட்டுத்தடுமாறித் தாண்டலாம். அதே ஒன்பது பேர் மூன்றாம் முறை வரும்போது அடி விழும். மூன்றாம் சுற்றில் பொதுவாக எறிவாளர்களின் எண்கள் சரிகின்றன, இளைஞர்களுக்கு இன்னும் செங்குத்தாக. சேஞ்ச்அப் தேறாதவரைப் புல்பெனுக்கு அனுப்புவது இதனால்தான். அது தண்டனை அல்ல.

கையைத் தயார்ப்படுத்தும் கணக்கும் இருக்கிறது. முகாமின் முதல் ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸ், சுமார் 30 பந்து. பிறகு ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ 15 பந்து கூட்டி, மார்ச் முடிவில் 75 முதல் 90. இதற்கிடையில் ஒருவரைப் புல்பெனுக்கு மாற்றிவிட்டால் கையின் தாங்குதிறன் மூன்று வாரத்தில் சுருங்கிவிடும். மே மாதம் அவசரமாகத் தொடக்க எறிவாளர் தேவைப்படும்போது அவரால் 45 பந்துக்கு மேல் தாங்காது. தோற்ற இளைஞரைப் புல்பெனில் வைத்துக்கொள்ளாமல் கீழ்நிலை அணியில் ஐந்து நாளுக்கொருமுறை எறியவிடுவது இந்தக் காரணத்தால்.

இன்னொரு காரணம் ஒப்பந்த விதி, ரசிகர்கள் இதை மறந்துவிட்டுப் பயிற்சியாளரைத் திட்டுவார்கள். 40 பேர் பட்டியலில் உள்ள வீரரைப் பொதுவாக மூன்று பருவங்களில் விருப்பம்போல் கீழே அனுப்பலாம். இதற்கு ஆப்ஷன் என்று பெயர். 2022 முதல் ஒரே பருவத்தில் ஐந்து தடவைதான். அனுப்பப்பட்ட எறிவாளரை, காயமுற்ற ஒருவருக்குப் பதிலாக அல்லாமல், 15 நாளுக்குள் திரும்ப அழைக்க முடியாது. ஆப்ஷன் தீர்ந்தவரை அனுப்ப நினைத்தால் மற்ற அணிகள் பறித்துக்கொள்ளலாம். திறமையில் இருவர் சமம் என்றால் ஆப்ஷன் இருப்பவர்தான் பெட்டி கட்டுவார்.

அட்லாண்டாவில் என்ன ஆயிற்று? பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே ஃப்ரீடுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. எல்டர் ஒரே வாரத்தில் திரும்ப அழைக்கப்பட்டார் (காயத்துக்குப் பதில் என்பதால் 15 நாள் விதி தடுக்கவில்லை). அந்தப் பருவத்தில் 31 ஆட்டங்களைத் தொடங்கி, 12 வெற்றி, 4 தோல்வி, சிறந்த வீரர்களின் ஆல்ஸ்டார் அணியிலும் இடம். ஆண்டர்சனுக்கு ஏப்ரலிலேயே முழங்கையில் டாமி ஜான் அறுவை. 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தது, திரும்பி வர 12 முதல் 18 மாதம். மார்ச் போட்டியில் வென்ற ஷஸ்டரும் டாடும் மேலும் கீழுமாக அலைந்தார்கள். ஷஸ்டர் அந்த நவம்பரில் சிகாகோ வைட் சாக்ஸுக்கு மாற்றப்பட்டார். தேர்வு முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மார்ச் முகாமில் ஷஸ்டரும் டாடும் நன்றாக எறிந்தார்கள். அவ்வளவுதான் அப்போது கையிலிருந்த தகவல். தோற்ற இருவரையும் நீண்ட நேரம் எறியும் தயார்நிலையில் குவினெட்டில் (பிரேவ்ஸின் கீழ்நிலை அணி) வைத்திருந்ததால்தான் ஃப்ரீட் விழுந்தபோது அணி தள்ளாடவில்லை.

இனித் தமிழ்ச் சொல். 'சுழற்சி' வேருக்கு நெருக்கம்தான், ஆனால் இந்தத் துறைக்குள் இடிக்கிறது. பந்து தன் அச்சில் சுற்றுவதும் சுழற்சி. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அதை அளந்து எழுதுகிறார்கள். 'இளம் எறிவாளரின் சுழற்சி குறைந்தது' என்றால் எதைச் சொல்கிறோம்? தவிர, கைப்பந்தில் சர்வீஸ் கிடைத்தவுடன் ஆறு பேரும் இடம் மாறுவதும் ரொட்டேஷன், கிரிக்கெட்டில் ஒற்றை ஓட்டம் எடுத்து முனை மாறுவதும் ரொட்டேஷன். அவற்றுக்குச் சுழற்சி பொருந்தும். இங்கே யாரும் சுற்றவில்லை, நாள் பார்த்து வருகிறார்கள். வாய்க்கால் நீரை வயல்வயலாக நாள் வைத்துப் பகிர்வதை முறைப்பாசனம் என்கிறோம். 'இன்று என் முறை' என்பது யாருக்கும் விளக்க வேண்டாத தமிழ். முறை என்பதில் வரிசை, ஓய்வு, உரிமை மூன்றும் அடங்கிவிடுகின்றன.

பிட்சரை 'பந்துவீச்சாளர்' என்பதிலும் குழப்பம் வரும். வீசுவது முழங்கையை மடக்கி நிமிர்த்தாமல் செய்வது. கிரிக்கெட்டில் அதை மீறினால் 'எறிகிறார்' என்று நடுவர் குற்றம் சொல்வார். பிட்சரின் தொழிலே எறிவது. ஆகவே எறிவாளர். அடிபந்தாட்டம் என்று ஆட்டத்தின் பெயரையே தமிழில் எழுதுபவர்களுக்கு இது இயல்பாகவே ஒட்டும். பேஸ்பால் என்று எழுதினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

புழக்கத்தில்: 'ஐந்தாம் முறைக்கு இருவர் போட்டி'; 'மழையால் அவர் முறை தாண்டப்பட்டது'; 'ஆறுபேர் முறைக்கு அணி மாறுகிறது'. கீழ்நிலை அணியிலிருந்து ஒரே ஓர் ஆட்டத்துக்கு அழைத்துத் தொடங்கவைப்பதை 'இடைமுறை' எனலாம். ஓப்பனர் என்பதை மட்டும் தொடக்க எறிவாளர் என்று எழுதிவிட வேண்டாம். 2018 மே 19இல் டாம்பா பே ரேஸ் அணி செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கிவிட்டு, நீண்ட நேரம் எறிய வேண்டியவரைப் பிறகு கொண்டுவந்த உத்தி அது. அவர் ஆட்டத்தைத் தொடங்கினாலும் முறையில் இருப்பவர் அல்ல. 'முன்னெறிவாளர்' என்று வேறு பெயர் கொடுத்துவிடுவது நல்லது.