எடை குறைப்பின் பாதி வழி: கைக்கடிகாரத்தைக் கழற்றிவைக்கும் மாதம்

எடை பார்க்கும் கருவியில் ஏறுமுன் ஒருவர் எதையெல்லாம் கழற்றி வைக்கிறார் என்பதைப் பார்த்தே அவர் எத்தனையாவது மாதத்தில் இருக்கிறார் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். முதல் மாதம் செருப்போடு, கையில் செல்போனோடு ஏறுவார்கள். மூன்றாம் மாதம் செருப்பு ஓரமாகப் போய்விடும். ஆறாம் ஏழாம் மாதத்தில் சாவிக்கொத்து, பர்ஸ், கைக்கடிகாரம், பெல்ட் எல்லாம் வரிசையாக என் மேஜைமேல் வந்து உட்காரும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுபவர்களும் உண்டு. "காத்துக்கு எவ்வளவு கழிக்கணும்?" என்று கேட்டால் அவர்களே சிரித்துவிடுவார்கள்.

சென்ற மாதம் அப்படி ஒருவர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர். 96 கிலோவில் தொடங்கி ஏழு மாதத்தில் 84க்கு வந்திருந்தார். மனதில் வைத்திருந்த எண் 72. சரிபாதி வழி. பெல்ட், கடிகாரம் எல்லாம் கழற்றியவர், கடைசியில் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். கண்ணாடி இல்லாமல் கீழே எண் தெரியவில்லை. என்னைப் படிக்கச் சொன்னார். 84.3. அதற்கு முந்தைய மாதம் 84.1.

"எல்லாம் சரியாத்தான் மேடம் பண்றேன். முன்ன மாதிரி ஒரு வெறி மட்டும் இல்ல. எனக்கு மன உறுதி பத்தலைன்னு நினைக்கிறேன்" என்றார்.

மன உறுதி இல்லாதவர் 12 கிலோ குறைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிற்க முடியாது. ஆனால் இதே வசனத்தை வேறு வேறு வார்த்தைகளில் அடிக்கடி கேட்கிறேன். உணவு ஆலோசகராக இத்தனை வருடம் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இது: பாதி வழியில் வரும் சலிப்பைத் தன் குணக்கேடு என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் பெரும்பாலும் திரும்பிப் போகிறார்கள். அது வந்தே தீரும் என்று முன்பே தெரிந்தவர்கள், முணுமுணுத்துக்கொண்டாவது தங்கிவிடுகிறார்கள்.

ஏன் பாதியில் வருகிறது? ஆண்ட்ரியா பொனெஸ்ஸியும் அவருடைய சகாக்களும் 2011இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். எந்த நீண்ட வேலையிலும் ஊக்கம் ஆரம்பத்தில் அதிகம், முடிவுக்குப் பக்கத்தில் அதிகம், நடுவில்தான் மிகக் குறைவு என்பது அவர்கள் கண்டது. தொடக்கத்தில் நாம் புறப்பட்ட இடத்திலிருந்து அளக்கிறோம். முதல் கிலோவுக்கு அடுத்து இரண்டாவது கிலோ குறைந்தால் சாதனை இரட்டிப்பாகிறது. முடிவுக்கு அருகில் போய்ச்சேரும் இடத்திலிருந்து அளக்கிறோம். இரண்டு கிலோ பாக்கி இருக்கும்போது ஒன்று குறைந்தால் மிச்சம் பாதியாகிறது. 84 கிலோவில் நிற்பவருக்கோ இரண்டு பக்கமும் 12 கிலோ தள்ளி இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் ஒரு கிலோ சுண்டைக்காய்தான்.

அதனால்தான் பாதி வழியில் இருப்பவர்களிடம் பெரிய எண்ணைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறேன். 72 எங்கும் ஓடிவிடாது. இப்போதைக்கு 81. மூன்று கிலோ தூரத்தில் நடுப்பகுதி என்று சொல்ல அதிக இடமில்லை.

மனதின் கணக்கு இப்படி என்றால், உடம்பின் கணக்கு இன்னும் கறார். 96 கிலோவைச் சுமந்து நடந்த உடம்பு இப்போது 84ஐத்தான் சுமக்கிறது. அதற்குச் செலவு குறைவு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் குழுவினர் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒவ்வொரு கிலோ குறையும்போதும் அன்றாடச் செலவு சுமார் 20 முதல் 30 கலோரி இறங்குகிறது. பசியோ கிலோவுக்கு ஏறத்தாழ 100 கலோரி வீதம் ஏறுகிறது. இதை 12ஆல் பெருக்கிப் பாருங்கள். செலவில் 240 முதல் 360 கலோரி வரை போய்விட்டது. பசியோ தினமும் 1,200 கலோரி கூடுதலாகக் கேட்டு நச்சரிக்கிறது. இவர் அதற்கு மசியாமல் இருப்பதே பெரிய வேலை. முதல் மாதம் எடையை இறக்கிய அதே சாப்பாட்டுத் திட்டம் ஏழாம் மாதம் எடையை நிறுத்தி மட்டும்தான் வைக்கும். திட்டத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆள் சின்னதாகிவிட்டார், அவ்வளவுதான்.

இந்தப் பசி வெறும் நாக்கு ருசியும் இல்லை. கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் செய்தி சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். பசியைத் தூண்டும் கிரெலின் கூடும். மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடை குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. 2011இல் வந்த ஆய்வு அது. பசியைக் குறைக்கும் செமாகுளுடைடு மருந்தை வாரம் ஒரு முறை ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களுக்கும் ஒரு கட்டத்தில் எடை நிற்கத்தான் செய்கிறது. ஊசி போட்டும் நின்றுவிட்டதே என்று அழுதவரையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இந்தத் தண்ணீர் விஷயம். தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவைக் குறைத்த முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்கியதே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். அந்த வேகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏழாம் மாதம் பிடிக்காமல் போவதில் வியப்பில்லை. இப்போது உண்மையான கொழுப்பு வாரத்துக்கு 300 கிராம் கரைந்தாலே நல்ல வேகம். ஆனால் உப்பு கூடிய ஒரு சாப்பாடு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சியால் வரும் தசைவலி, மலச்சிக்கல், இதில் எது வந்தாலும் எடை ஒன்றிரண்டு கிலோ மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்துக்குள் 300 கிராமைத் தேடுவது இரைச்சலான கூடத்தில் கிசுகிசுப்பைக் கேட்க முயல்வது போல. எடை பார்ப்பதென்றால் தினமும் காலையில் பார்த்து ஏழு நாள் சராசரியை எழுதிவையுங்கள். எண்ணைப் பார்த்து அன்றைய நாளே கெட்டுப்போகிறது என்றால் ஒரு மாதம் கருவியைப் பரண்மேல் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில், நினைத்தபோதெல்லாம் ஏறி இறங்குவதுதான் ஆகாது.

தொழிலுக்கு வந்த புதிதில் எடை நின்றவர்களிடம் எனக்கு ஒரே பதில்தான் இருந்தது: "இன்னும் 200 கலோரி குறைச்சுக்கோங்க, அரை மணி நேரம் கூட நடங்க." கணக்குப்படி சரி. ஆனால் அப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் பலர் அடுத்த மாதம் வரவே இல்லை. ஏற்கெனவே களைத்துப்போனவரிடம் இன்னும் ஓடு என்றிருக்கிறேன். இன்று நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

இப்போது நான் செய்வது வேறு. அந்த 84 கிலோக்காரரிடம், "சார், நாலு வாரத்துக்கு எடை குறைக்கவே வேண்டாம். ஏறாம பார்த்துக்கோங்க, அது போதும்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். குறைக்கத்தானே வந்தேன் என்ற பார்வை.

என் தரப்பு நியாயம் இது. என்றாவது ஒருநாள் இவர் 72க்கோ 76க்கோ போய்ச் சேருவார். அதன்பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அங்கேயே நிற்பது. எடை குறைப்பவர்கள் அநேகமாக யாரும் அதற்கு ஒத்திகை பார்ப்பதில்லை. இறங்கத் தெரியும், ஏறத் தெரியும், நிற்கத் தெரியாது. பாதி வழியில் உடம்பே நின்றுவிடும்போது நான்கு வாரம் அதைப் பழகிக்கொள்ளலாமே. அந்த நான்கு வாரத்தில் தினம் 200, 300 கலோரி கூட்டிச் சாப்பிடலாம். நடையும், புரதமும், தூக்கமும் மட்டும் அப்படியே இருக்க வேண்டும். முதல் வாரம் அரை கிலோ, ஒரு கிலோ ஏறும். அது கிளைக்கோஜனோடு திரும்பி வரும் தண்ணீர். இதை முன்பே சொல்லி அனுப்பாவிட்டால் மூன்றாம் நாளே போன் வரும்.

பேசி முடித்துப் பெல்ட்டை எடுத்து மாட்டினார். அப்போதுதான் கவனித்தேன். கடையில் வாங்கும்போது இருந்த ஐந்து ஓட்டைகளையும் தாண்டி, கோணலாக இரண்டு ஓட்டைகள். ஆணியைச் சூடுபண்ணித் தானே போட்டதாம். எடையைக் குறைத்துக் காட்டுவதற்காகக் கழற்றி வைத்த பொருளில்தான் அவர் கேட்ட பதில் இருந்தது. "இதை எப்போ போட்டீங்க?" என்றேன். ஒரு ஓட்டை மூன்றாம் மாதம். இன்னொன்று போன மாதம், எடை அசையவில்லை என்று அவர் புலம்பிய அதே மாதம். இடுப்பு இறங்கியிருக்கிறது, எண்தான் நகரவில்லை. தசைக்கு வேலை கொடுக்கத் தொடங்கியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்.

அதனால் பாதி வழியில் அளவுகோலை மாற்றச் சொல்கிறேன். இடுப்புச் சுற்றளவு. இரத்த அழுத்தம். மாடிப்படி ஏறும்போது எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறது. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடிகிறதா. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைவதாகக் கண்டார்கள். 12 கிலோ குறைத்தவரின் முழங்கால் அடிக்கு அடி 48 கிலோ சுமையை இறக்கி வைக்கிறது. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2002இல் வெளியான பெரிய ஆய்வில், வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவுக்குக் கொடுத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதமும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும்தான். அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. நம் ஆள் குறைத்திருப்பது 12.5 சதவீதம். பாதிதான் வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உடம்பைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.

இதெல்லாம் சரி, உண்மையிலேயே அளவு தவறியிருந்தால்? அதுவும் நடக்கும். 1992இல் வெளியான ஓர் ஆய்வில், குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்றவர்களை அளந்து பார்த்தார்கள். அவர்கள் உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. சமைக்கும்போது ருசி பார்ப்பது, குழந்தை மிச்சம் வைத்ததை வீணாக்காமல் வாயில் போடுவது, அளந்து ஊற்றிய எண்ணெய் மெல்லக் கண்ணளவுக்கு மாறுவது, இதெல்லாம் யார் கணக்கிலும் வராது. மூன்று நாள் மட்டும் எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். மூன்றில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். வருடம் முழுக்க எழுத வேண்டியதில்லை. அதுவே ஒரு சலிப்பு.

ஒருநாள் தவறினால் முழு வாரத்தையும் கைகழுவுவது இன்னொரு வழக்கம். 1975இல் உளவியலாளர்கள் ஹெர்மனும் மாக்கும் ஒரு சோதனை செய்தார்கள். மில்க்ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் வயிறு நிறைந்ததால் குறைவாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்கள்தான் மில்க்ஷேக்குக்குப் பிறகு அதிகம் சாப்பிட்டார்கள். கெட்டது கெட்டுப்போச்சு, இனி என்ன என்ற மனநிலை. இதற்கு மருந்தாக நான் சொல்வது லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வு. ஒரு பழக்கம் படிய 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம், நடுத்தரமாக 66 நாள் என்று கண்டார்கள். நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

எடை ஏறிய மாதத்தில்தான் என்னிடம் வராமல் இருப்பார்கள். "கொஞ்சம் குறைச்சிட்டு வரேன் மேடம்." உங்கள் ஆலோசகர் யாராக இருந்தாலும் அந்த மாதம் கண்டிப்பாகப் போய்விடுங்கள். எடை பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக்கூடப் போகலாம். நான் யாரையும் பிடித்து ஏற்றியதில்லை.

சில விஷயங்களில் மட்டும் என்னைவிட உங்கள் மருத்துவர் முக்கியம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு எடை குறையக் குறைய பழைய அளவு மிகையாகிவிடலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், திடீர் வியர்வை, நடுக்கம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஸ்டீராய்டு, மனச்சோர்வுக்கான சில மருந்துகள், தைராய்டு குறைபாடு ஆகியவையும் எடையைப் பிடித்து நிறுத்தும். மாதவிடாய் நின்றுபோவது, கொத்துக்கொத்தாக முடி கொட்டுவது, சாப்பிட்டதை வாந்தியெடுக்கத் தோன்றுவது, உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் எடை குறைப்பை அங்கேயே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

அந்த 84 கிலோக்காரருக்கு இது மூன்றாவது வாரம். நேற்று செய்தி அனுப்பியிருந்தார்: முதல் வாரம் 85.1, இப்போது 84.4. கீழே ஒரு கேள்வி. அடுத்த தடவை வரும்போது 72 பற்றிப் பேசலாமா என்று. 81 பற்றிப் பேசலாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.