கில்டி பிளஷர்: சொல்லும் பொருளும்

"படம் சுமார்தான், ஆனா எனக்கு அது கில்டி பிளஷர்" என்று ஒருவர் சொல்லும்போது ஒரே மூச்சில் இரண்டு வேலை நடக்கிறது. படம் பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். அதை வைத்துத் தன் ரசனையை எடைபோட்டுவிடக் கூடாதென்று முன்ஜாமீனும் வாங்கிக்கொள்கிறார். சொல்லின் உயிர் அந்த முன்ஜாமீனில்தான் இருக்கிறது. மட்டமானது என்று தானே நம்பும் ஒன்றை, அல்லது மற்றவர்கள் மட்டமென்று நினைப்பார்களோ எனத் தயங்கும் ஒன்றை, விரும்பி ரசிப்பது கில்டி பிளஷர். பாட்டுக்கும் தின்பண்டத்துக்கும்கூட இதைச் சொல்கிறார்கள். அதிகம் அடிபடுவது படங்களுக்கும் டிவி தொடர்களுக்கும்தான்.

‘கில்ட்’ பழைய ஆங்கிலச் சொல். முதலில் அது செய்த குற்றத்தையே குறித்தது. குற்றம் செய்துவிட்டோமே என்ற உறுத்தலுக்குப் பெயரானது பிற்பாடு. ‘பிளஷர்’ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டும் சேர்ந்த தொடர், சினிமாப் பேச்சில் காலூன்றியதில் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ‘ஃபிலிம் காமெண்ட்’ இதழுக்குப் பங்குண்டு. 1978இல் இந்தத் தலைப்பில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி தனக்குப் பிடித்த படங்களைப் பற்றி அதில் எழுதினார். அவற்றில் ஒன்று ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘லேண்ட் ஆஃப் தி ஃபாரோஸ்’ (1955). நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஃபாக்னர் திரைக்கதையில் கைவைத்தும் வசூலில் படுத்த எகிப்துப் படம். ஃபாரோ என்ற எகிப்து மன்னன் எப்படிப் பேசுவான் என்று எனக்கும் தெரியாது, ஃபாக்னருக்கும் தெரியாது என்ற பொருளில் ஹாக்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் அதைப் பார்த்த ஸ்கோர்செஸிக்கோ பழைய எகிப்துக்கே போய் நின்றதுபோல இருந்திருக்கிறது. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஒரு படத்தின் ஓட்டையும் அது தந்த மயக்கமும் ஒன்றையொன்று அழிப்பதில்லை.

பிற்காலத்தில் இந்தச் சொல்லுக்குள் இன்னொரு சரக்கும் வந்து கலந்துவிட்டது: மோசமாக இருப்பதாலேயே ரசிக்கப்படும் படம். அமெரிக்காவில் டாமி வைசோ எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்த ‘தி ரூம்’ (2003) இதற்குப் பேர்போன உதாரணம். சுமார் 60 லட்சம் டாலர் செலவானதாகச் சொல்லப்படும் அந்தப் படம், லாஸ் ஏஞ்சலஸில் ஓடிய இரண்டு வாரத்தில் வசூலித்தது ஏறக்குறைய 1,800 டாலர். ஆனால் பின்னர் நள்ளிரவுக் காட்சிகளில் அது நிரம்பத் தொடங்கியது. கதை நடக்கும் வீட்டில் கரண்டிப் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருப்பார்கள். அது திரையில் தெரியும்போதெல்லாம் பார்வையாளர்கள் கையோடு கொண்டுவந்த பிளாஸ்டிக் கரண்டிகளை வீசுவார்கள். இவர்களுக்கு ஒரு துளிக் கூச்சமும் கிடையாது. நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இதைப் போய் கில்டி பிளஷர் என்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த இடத்தில் தெளிவு. உட்காரவே முடியாத சலிப்பூட்டும் படத்துக்கு அங்கே ‘நாவே’ என்று பெயர். டர்னிப் கிழங்கைக் குறிக்கும் சொல் அது. மோசத்தினாலேயே சிரிப்பு மூட்டும் படம் ‘நனார்’. நம் பேச்சிலோ ‘மொக்கை’ ஒன்றையே இரண்டுக்கும் போட்டு உழப்புகிறோம். கூர் மழுங்கிய பென்சிலுக்கும் கத்திக்கும் சொன்ன சொல் அது. படத்துக்குச் சொன்னால், எங்கேயும் இறங்காத, உறைக்காத படம் என்றுதான் பொருள்பட வேண்டும். "செம மொக்கை, ஆனா ஜாலியா இருக்கும்" என்பவர் உண்மையில் மொக்கையைப் பற்றிப் பேசவில்லை. நண்பர்களோடு விழுந்து விழுந்து சிரித்த படம் எப்படி மழுங்கலாகும்?

மோசத்தில் பிறக்கும் சிரிப்புக்குத் தொல்காப்பியத்தில் நல்ல சாவி ஒன்று கிடைக்கிறது. அதில் உணர்ச்சிகளைப் பேசும் மெய்ப்பாட்டியல், நகை (சிரிப்பு) தோன்றும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ‘தி ரூம்’ தருவது பேதைமையில் பிறக்கும் நகை. காவியம் எடுப்பதாக நம்பி ஒருவர் எடுத்ததால்தான் அது சிரிப்பாகிறது. தெரிந்தே மோசமாக எடுத்தால் அந்தச் சுவை வராது. 2010இல் வந்த ‘தமிழ்ப் படம்’ நம் நாயக சினிமாவைக் கிண்டலடித்தது எள்ளல் வகை. மடன் என்பதற்கு ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று பழைய விளக்கம் உண்டு, பிறர் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாதிருப்பது. ஒரே அதிர்ச்சிக்கு ஒரே முகத்தை மூன்று முறை வெட்டிக் காட்டும் மெகா சீரியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் வர்ணித்துவிட முடியாது.

சரி, கில்டி பிளஷருக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘குற்ற இன்பம்’ என்று நேராகப் பெயர்த்தால் போலீஸ் ஸ்டேஷன் வாசனை அடிக்கிறது. ‘குற்றவுணர்வு தரும் மகிழ்ச்சி’ நீளம் என்பதோடு, தவறும்கூட. குற்றவுணர்வு தன் மனச்சாட்சிக்கு முன்னால் வருவது. தனியறையில் ‘பிக் பாஸ்’ பார்க்கும்போது யாருக்கும் அது வருவதில்லை. அலுவலகத்தில் நாலு பேர் உலக சினிமா பேசிக்கொண்டிருக்கும்போது, நேற்று வெளியேற்றப்பட்டது யார் என்று வாய்தவறிச் சொன்னால் வருமே, அதற்குப் பெயர் கூச்சம். "அம்மா பாத்துட்டு இருந்தாங்க, சும்மா பக்கத்துல உக்காந்தேன்" என்று அந்தக் கூச்சம்தான் பேசவைக்கிறது. பக்கத்தில் சும்மா உட்கார்ந்தவருக்கு சீரியல் மாமியாரின் மூன்று வருடச் சதி முழுக்க எப்படித் தெரியும் என்று யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை, அவரவர் வீட்டிலும் அதே கதை.

என் பரிந்துரை ‘கள்ளச் சுவை’. கள்ளநோட்டும் கள்ளச்சாராயமும் நினைவுக்கு வரும் என்ற எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் கள்ளச் சிரிப்பு, கள்ளத் தூக்கம், கள்ளப் பார்வை என்ற வரிசையில் வைத்துப் பாருங்கள். ஒளிப்பதும் அதில் ஒரு விளையாட்டு இருப்பதும் சேர்ந்தே தொனிக்கின்றன. திருட்டு மாங்காய்க்கு ருசி அதிகம் என்ற நம் சொலவடையும் பக்கத்தில்தான் நிற்கிறது. எழுத்தில் இது நிற்கும். பேச்சில் பெயர்ச்சொல்லே வேண்டாம், "அந்த சீரியலைத் திருட்டுத்தனமா ரசிக்கிறேன்" என்றால் போதும், எல்லாருக்கும் புரியும்.

சொல் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பிடித்ததற்கெல்லாம் ஒட்டக் கூடாது. ‘அம்மோரு’ (1995) என்ற தெலுங்குப் படம் ‘அம்மன்’ என்று தமிழுக்கு வந்தது. அதன் கிராஃபிக்ஸை இன்று கணினி விளையாட்டில் வளர்ந்த பிள்ளை பார்த்தால் நெளிவான். கதையிலும் கேள்வி கேட்க நிறைய இடமுண்டு. ஆனாலும் கடைசிக் காட்சியில் ரம்யா கிருஷ்ணன் வந்து நிற்கும்போது எனக்கு இன்றும் முதுகு சிலிர்க்கிறது. ஆடி மாதத்தில் டிவியில் ஓடினால் சேனலை மாற்றுவதில்லை. கைகூப்பிப் பார்த்தவர்களுக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை; நல்ல சினிமா எதுவென்று படித்துத் தெரிந்துகொண்ட பிறகு நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அது ஒட்டிக்கொண்டது. குறை தெரிந்தும், ஒளிக்காமல் பிடித்திருக்கும் இப்படிப்பட்ட படத்துக்குக் ‘கள்ள’ என்ற அடைமொழி சேராது. ‘பிடித்த படம்’ என்றே எழுதலாம்.