டிசர்வ்: வேர் எது, தமிழில் எப்படிச் சொல்வது?

பரிசோ தண்டனையோ, ஒருவருக்கு நியாயப்படி எது கிடைக்க வேண்டுமோ அதைச் சொல்கிற ஆங்கில வினை டிசர்வ். உண்மையில் கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

லத்தீனில் 'செர்வுஸ்' என்றால் அடிமை. அதன் வழி வந்தது 'செர்வீரே', அதாவது ஊழியம் செய்தல். முன்னால் 'தே' சேர்ந்ததும் குறைவற ஊழியம் செய்தல் என்று அழுத்தம் கூடியது. பிற்கால லத்தீனில் அந்த ஊழியத்தால் ஒன்றைப் பெறும் உரிமையையும் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. சர்வ், சர்வீஸ், சர்வன்ட் எல்லாம் இதற்குப் பங்காளிகள்தான். இன்றைக்கு ஊழியம் என்ற நினைப்பே போய்விட்டது. எந்த வேலையும் செய்யாத கைக்குழந்தையும் அன்பை டிசர்வ் செய்கிறது.

பாலைவனத்தைக் குறிக்கும் டெசர்ட் இந்தக் குடும்பமே இல்லை. அது கைவிடுதல் என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது.

சரி, தமிழில்? கை தானாகவே 'தகுதி' என்று எழுதிவிடும். அங்கேதான் சிக்கல். இன்றைய வழக்கில் தகுதி என்றால் வயது, படிப்பு போன்ற நிபந்தனைகள் நிறைவேறியிருப்பது. போட்டியில் கலந்துகொள்ளத் தகுதி பத்துப் பேருக்கு இருக்கலாம். பரிசு, நன்றாக ஆடியவருக்கே உரியது. இந்த 'உரியது'தான் டிசர்வ். ஆனால் திருக்குறளில் (111) தகுதி என்று வருவது நடுவுநிலைமை. சொல் அங்கிருந்து வெகுதூரம் நடந்து வந்திருக்கிறது.

இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதே நல்லது. 'பாராட்டுக்கு உரியவர்', 'பாராட்டத்தக்க முயற்சி', 'அவருக்கு இந்தப் பெருமை தகும்' எல்லாமே இயல்பாக வரும். 'நீ ஓய்வுக்குத் தகுதியானவள்' என்று எழுதினால் யாரோ சான்றிதழ் கொடுத்தது போல இருக்கிறது. 'இவ்வளவு உழைத்திருக்கிறாய், கொஞ்சம் ஓய்வெடு' என்றால் போதும். அருகதை, லாயக்கு இரண்டும் பெரும்பாலும் 'இல்லை'யோடுதான் வரும், கோபமாக. தண்டனை என்றால் பேச்சுத் தமிழை அடிக்க ஆளில்லை: 'அவனுக்கு நல்லா வேணும்!'

எதிர்மறையில் மட்டும் கவனம் தேவை. தகும் என்பதன் எதிர்மறைதானே என்று 'தகாத புகழ்' என எழுதிவிடக் கூடாது. தகாத சொல், தகாத உறவு என்று பழகிய காதுக்கு அது ஒழுக்கக்கேடாகவே ஒலிக்கும். 'தகுதிக்கு மீறிய புகழ்' என்றால் சரியாக இருக்கும். செய்யாத குற்றத்துக்குக் கிடைத்த தண்டனையாக இருந்தால் 'அநியாயத் தண்டனை'.