பெல்ட்டை விட்டு வயருக்கு மாறிய ஸ்டியரிங்

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பாதே, கார் கொஞ்சமாவது உருளட்டும் என்று எனக்கு ஓட்டப் பழக்கியவர் படித்துப் படித்துச் சொன்னார். வெள்ளவத்தைக்குக் குடிவந்த முதல் கிழமையிலேயே அந்தப் பாடம் மறந்துபோனது. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒரு பக்கம் மதில், மறுபக்கம் ஓட்டோ. உருளுவதற்கு இடம் எங்கே? நின்றபடியே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நாலு தரம் திருப்பினால்தான் கார் கேற்றுக்குள் போகும்.

அதை ஒரு கையால் செய்ய முடிகிறதென்றால் பவர் ஸ்டியரிங்கின் தயவு. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நண்பர் ஒருவரின் பழைய கொரொல்லாவில் பார்த்தேன். 2022இன் பெற்றோல் வரிசைகளில் நின்று வெறுத்துப்போனவர், பிறகு காசு சேர்த்து இஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்தினார். கார் அழகாக ஓடியது. ஸ்டியரிங்தான் அம்மிக்கல்லை நகர்த்துவது போல இருந்தது. பவர் ஸ்டியரிங் பம்பை இவ்வளவு காலமும் சுழற்றியது இஞ்சினின் பெல்ட். இஞ்சின் போனதும் பெல்ட் போனது, பெல்ட் போனதும் பம்ப் செத்தது. அதன் இடத்தில் மின்சாரத்தால் சுழலும் பம்ப் ஒன்றை வைத்த கதை இது.

பவர் ஸ்டியரிங் கிட்டத்தட்ட நூறு வயதுச் சரக்கு. பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1926இலேயே ஒயில் அழுத்தத்தால் இயங்கும் ஒன்றைக் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆனால் கடையில் வாங்கக்கூடிய காரில் அது வந்து சேர 1951 ஆனது, கிரைஸ்லர் இம்பீரியலில்.

உள்ளே நடப்பது இதுதான். முன் சக்கரங்களை இழுப்பதும் தள்ளுவதும் ராக் எனப்படும் பற்கள் கொண்ட நீளமான இரும்புத் தண்டு. அந்தத் தண்டின் நடுவில் ஒரு பிஸ்டன்; அதன் இரு பக்கமும் ஒயில் அறைகள். வலது அறையில் அழுத்தம் ஏறினால் தண்டு ஒரு பக்கம் போகும், இடது அறையில் ஏறினால் மறுபக்கம். பிஸ்டனின் பயன்படும் பரப்பு எட்டுச் சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நெருப்புப்பெட்டி முகப்பில் பாதி. அதில் 70 பார் அழுத்தம் விழுந்தால் தள்ளும் விசை 5,600 நியூட்டன், அதாவது அரை டன்னுக்கு மேல் பாரம் தள்ளுவது போல. உங்கள் டயரில் இருக்கும் காற்று இரண்டு பாருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான்.

சரி, எந்த அறைக்கு, எவ்வளவு ஒயில் என்று தீர்மானிப்பது யார்? பம்ப் இல்லை. பலர் இங்கேதான் பிழையாக நினைக்கிறார்கள். ஸ்டியரிங் தண்டு ராக்கைச் சந்திக்கும் இடத்தில் பென்சில் பருமனில் ஒரு உருக்குக் கம்பி இருக்கிறது. டயர் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுக்கும்போது, உங்கள் கை மேல் முனையைத் திருக, கீழ் முனை அசையாமல் நிற்க, அந்தக் கம்பி சில பாகை முறுகுகிறது. ஒன்றுக்குள் ஒன்று சொருகிய இரண்டு குழாய்களின் பள்ளங்கள் அந்த முறுக்கினால் விலகி, ஒரு பக்க வழி திறந்து மறுபக்க வழி சாத்திக்கொள்கிறது. கையை எடுத்தால் கம்பி நிமிர்கிறது, வழிகள் சமமாகின்றன, ஒயில் சும்மா சுற்றித் தொட்டிக்குத் திரும்புகிறது. எவ்வளவு முறுக்கோ அவ்வளவு உதவி. இதில் மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் தனி மரியாதை உண்டு.

ஆகவே பம்பின் வேலை ஒன்றே ஒன்று: கேட்கும் நேரத்தில் ஒயில் தயாராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதை எது சுழற்றினாலும் ராக்கிற்குக் கவலையில்லை. பெல்ட் சுழற்றிய பம்பை எடுத்துவிட்டு மின்மோட்டாரோடு ஒட்டிய பம்பை வைப்பதுதான் இந்த மாற்றம்.

இது இஞ்சின் இல்லாத கார்களுக்காகப் பிறந்த யோசனை அல்ல. பெல்ட் பம்பில் ஆரம்பத்திலிருந்தே ஒரு முரண் இருந்தது. உதவி அதிகம் தேவைப்படுவது ஒழுங்கைக்குள் நிறுத்தும்போது; அப்போது இஞ்சின் நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் முனகுகிறது. கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி 100இல் போகும்போது ஸ்டியரிங்கைத் தொடவே தேவையில்லை; அப்போது பம்ப் நாலு மடங்கு வேகத்தில் சுழல்கிறது. குறைந்த வேகத்துக்கு ஏற்றபடி பம்பைப் பெரிதாகச் செய்துவிட்டு, மிச்சத்தை ஒரு வால்வு வழியாகத் திருப்பி ஊற்றுகிறார்கள். அந்த வீண் சுற்றுக்கும் பெற்றோல் எரிகிறது. மாடி வீடுகளில் குழாயைத் திறந்தால் மட்டும் ஓடும் பிரஷர் பம்ப் வைத்திருக்கிறோமே, அதை விட்டுவிட்டு நாள் முழுக்க மோட்டாரை ஓடவிட்டு மிச்சத் தண்ணீரைக் கிணற்றிலேயே விடுவது போன்ற வேலை.

மின்பம்ப் அப்படி அல்ல. சும்மா இருக்கும் நேரம் மெதுவாகச் சுழன்று சில அம்பியர் மட்டும் எடுக்கும். திருப்பும்போது வேகம் பிடிக்கும். இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2இல் இஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவ்வளவு தூரம் ஒயில் குழாய் இழுப்பதற்குப் பதில் முன்பக்கம் ஒரு மின்பம்பை வைத்தார்கள். பின்னர் மாஸ்டா அக்செலா, ஓப்பல் அஸ்ட்ரா, சஃபிரா போன்ற சாதாரணக் கார்களிலும் வந்தது. ஓப்பல் பம்புகள் பழைய கார்களை இப்படி மாற்றியமைப்பவர்களிடையே உலகெங்கும் பிரபலம். காரின் கணினியிலிருந்து வேகம் பற்றிய செய்தி வராவிட்டாலும் நின்றுவிடாமல் ஒரு நடுத்தர வேகத்தில் தொடரும் குணம் சஃபிரா பம்புக்கு உண்டு. வேறு காரில் பொருத்த அது போதும்.

நண்பர் பழைய கார்ப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இரண்டு சனிக்கிழமை அலைந்து, கழற்றிய பம்ப் ஒன்றைத் தொட்டியோடு வாங்கினார். பொருத்தியது கொட்டாஞ்சேனையில் தெரிந்த ஒரு கராஜில். ஒயில் பக்க வேலை ஒரே நாளில் முடிந்தது. திரும்பி வரும் குழாயில் அழுத்தம் குறைவு, சாதாரண ரப்பர் ஹோஸும் கிளிப்பும் போதும். பம்பிலிருந்து ராக்கிற்குப் போகும் குழாயில் கிளிப் விளையாட்டு செல்லாது. மண் தோண்டும் பெக்கோ இயந்திரங்களுக்கு ஹோஸ் அடித்துத் தரும் கடையில் இரண்டு முனையும் நசுக்கிப் பூட்டி எடுத்தோம். பம்பை மழைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும், தொட்டி அதைவிட மேலே இருக்க வேண்டும். பிறகு முன் சக்கரங்களை ஜக்கில் தூக்கி, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மெதுவாக இருபது தரம் திருப்பினோம். முதலில் தொட்டியில் பால் தேநீர் மாதிரி நுரை. நுரை அடங்கி ஒயில் தெளியும்வரை காற்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை பம்ப் உறுமும்.

எல்லாம் சரி என்று கீழே இறக்கி, நின்ற இடத்தில் முழுதாகத் திருப்பினார். பாதி வரை வெண்ணெய். அப்புறம் முன்விளக்கு மங்கியது, பம்ப் ஒரு முறை இருமிவிட்டு நின்றது, ஸ்டியரிங் மறுபடி அம்மிக்கல். பழுதடைந்த பம்பைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நாங்கள் கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தோம்.

"தம்பி, பம்பில பிழை இல்ல. வயரைத் தொட்டுப் பாருங்கோ" என்றார் கராஜ் அண்ணன். தொட்டேன்; சுட்டது.

கணக்கைப் போட்டால் காரணம் விளங்கும். 70 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஆறு லீற்றர் ஒயிலைத் தள்ள 700 வாட் வேண்டும். மோட்டாரிலும் பம்பிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகப் போகும் என்றால் பற்றரியிலிருந்து எடுக்க வேண்டியது 1,000 வாட், 12.5 வோல்ட்டில் 80 அம்பியர். ஒரு சோடி முன்விளக்கு எடுப்பது பத்து அம்பியர்தான். நாங்கள் போட்டிருந்தது 6 சதுர மில்லிமீட்டர் வயர், போக மூன்று மீற்றர், வர மூன்று மீற்றர். 80 அம்பியர் ஓடும்போது அந்தச் செம்பிலேயே 1.4 வோல்ட் தொலைந்துவிடும். நூறு வாட்டுக்கு மேல் வெறும் சூடு. போதாததற்கு, ஏர்த் கம்பியை முடுக்கியிருந்த இடம் கடற்காற்றில் துருப்பிடித்த தகரம். பம்பின் பிளக்கில் மீற்றர் வைத்துத் திருப்பச் சொன்னபோது முள் 9.6க்கு விழுந்தது. அவ்வளவு தாழ்ந்தால் பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டாரை நிறுத்திவிடுகிறது.

இஞ்சினை வைத்துக்கொண்டே பம்பை மட்டும் மாற்றுபவர்களுக்கு இங்கே இன்னொரு பொறி. ஒல்டர்நேட்டரும் பெல்ட்டில்தான் சுழல்கிறது. நிறுத்தும் நேரம், இஞ்சின் முனகும் அதே நேரம், அதுவும் முழு மின்சாரம் தராது. முன்வாசலால் துரத்திய முரண் பின்வாசலால் வந்து நிற்கிறது. காப்பாற்றுவது பற்றரி; சில வினாடிகளுக்கு மட்டும் தேவைப்படும் 80 அம்பியரை அது தாங்கும், நல்ல பற்றரியாக இருந்தால். மின்காரில் அந்த வேலையை 12 வோல்ட் பற்றரியும், பெரிய பற்றரியின் மின்னழுத்தத்தை இறக்கித் தரும் மாற்றியும் பகிர்ந்துகொள்கின்றன. என்னைக் கேட்டால், இஞ்சின் நல்லபடி ஓடுகிற காரில் ஒயில் கசிகிறது என்பதற்காக இந்த மாற்றத்துக்குப் போவது வீண் செலவு. மிச்சமாகும் பெற்றோலில் போட்ட காசை எடுக்க வருடங்கள் ஆகும். பழைய பம்புக்கு சீல் மாற்றிக்கொள்ளலாம்.

கார் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்ப் நின்றுபோனால்? சக்கரத்துக்கும் கைக்கும் இடையில் இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது, கார் திரும்பும். ஆனால் பவர் இல்லாமலே செய்யப்பட்ட ஸ்டியரிங்கைவிடக் கனமாக இருக்கும். பம்பின் உதவியை நம்பி ராக்கின் பல் விகிதம் வேறாக வைக்கப்பட்டிருக்கிறது, தேங்கி நிற்கும் ஒயிலையும் சேர்த்துத் தள்ள வேண்டும். அதனால் பம்ப் நின்றால் எரிகிற மாதிரி டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு இழுத்தே ஆக வேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்தார்.

அடுத்த நாள் 16 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்கினோம். பற்றரியின் வாயிலேயே 80 அம்பியர் ஃபியூஸ்; ஏர்த்தையும் தகரத்தை நம்பாமல் நேரே பற்றரிக்கே கொண்டுபோனோம். மறுபடி மீற்றர் வைத்து, நின்ற இடத்தில் முழு முனை வரை திருப்பச் சொன்னார் அண்ணன். 11.9. விளக்கு மங்கவில்லை. நண்பர் ஒரு விரலால் மறுமுனைக்குத் திருப்பி, திரும்பவும் இந்த முனைக்குத் திருப்பி, டயர் தேயுது விடுங்கோ என்று அண்ணன் சத்தம் போடும்வரை திருப்பிக்கொண்டே இருந்தார்.