கறுப்பானாலும் புள்ளியானாலும் சிறுத்தை ஒன்றுதான்

மலையகத் தோட்டம் ஒன்றில் கம்பிக் கண்ணி இறுகிச் செத்துக் கிடக்கும் சிறுத்தையின் படம் போன வாரமும் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. அதற்குக் கீழே ஒருவர், "கறுப்பு இல்லையே டொக்டர், சாதாரணப் புலிதானே?" என்று எழுதியிருந்தார். இங்கே பேச்சு வழக்கில் சிறுத்தையைத்தான் புலி என்பார்கள். முன்பு காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு இப்போது கொழும்பில் நாய் பூனைகளைப் பார்க்கிறேன். இங்கே வருகிறவர்களும் இதையே வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கண்ணியில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களிலேயே இறந்தது. நாடு முழுவதும் அதற்காக வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதே மாதிரிக் கம்பியில் புள்ளிச் சிறுத்தை செத்தால் யாருக்கும் உறைப்பதே இல்லை.

கருஞ்சிறுத்தை என்று தனி இனம் உலகத்தில் எங்குமே இல்லை. இலங்கையில் இருப்பது ஒரே சிறுத்தை. யாலவில் ஜீப்பில் போய்ப் பார்ப்பதும், தேயிலை மலையில் இரவில் நடப்பதும், நல்லதண்ணியில் மாட்டிய கறுப்பும் எல்லாம் அதேதான். உரோமத்தில் கருநிறத்தைக் கூட்டும் ஒரு மரபணு மாற்றம் தாயிடமிருந்தும் வரவேண்டும், தகப்பனிடமிருந்தும் வரவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குட்டி கறுப்பாகப் பிறக்கும். ஒன்று மட்டும் வந்தால் குட்டி புள்ளியோடுதான் இருக்கும், ஆனால் அந்த மாற்றத்தை உள்ளே சுமந்துகொண்டிருக்கும். அதனால் புள்ளியுள்ள தாய்க்கும் புள்ளியுள்ள தகப்பனுக்கும் கறுப்புக் குட்டி பிறக்கலாம். ஒரே ஈற்றில் ஒன்று கறுப்பாகவும் மற்றது புள்ளியாகவும் இருக்கலாம். கறுப்புக்கும் புள்ளிகள் இல்லாமல் இல்லை. வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், கறுப்புப் பட்டில் கறுப்பு நூலாலேயே பூ நெய்த மாதிரித் தெரியும்.

இப்போது யோசியுங்கள். நீங்கள் "சாதாரணம்" என்று தள்ளிவிட்ட அந்தப் புள்ளிச் சிறுத்தை, அடுத்த கருஞ்சிறுத்தையின் தாயாக இருந்திருக்கலாம். கறுப்பை மட்டும் காப்பாற்ற வழியே கிடையாது. "கறுப்புக்கு மூர்க்கம் அதிகம்", "அது புலிக்கும் சிறுத்தைக்கும் பிறந்த கலப்பு" என்பதெல்லாம் கட்டுக்கதை. தென்னமெரிக்காவின் ஜாகுவாரிலும் கறுப்பு உண்டு. அது வேறு விலங்கு, அதன் கறுப்புக்குக் காரணமான மரபணுவும் வேறு. படத்தைப் பார்த்துவிட்டு இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கறுப்பு எங்கே அதிகம் பிறக்கிறது என்று கேட்டால், ஈரமும் நிழலும் அடர்ந்த காடுகளில். மலேசியத் தீபகற்பத்தின் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. இந்தியாவில் கபினி, நீலகிரிப் பக்கம் தென்படும். வறண்ட இடத்திலும் அபூர்வமாகப் பிறக்கும்; 2019இல் கென்யாவின் லைக்கிபியாவில் எடுத்த படங்கள் உலகமெல்லாம் சுற்றின. நம் நாட்டில் பதிவானவை சிங்கராஜா, சிவனொளிபாதமலைப் பக்கம். யாலவுக்குப் போய்க் கறுப்பைக் காட்டு என்று ஜீப்காரரிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

வாழ்க்கையும் எல்லாச் சிறுத்தைகளுக்கும் ஒன்றுதான். தனியாகத் திரியும். மூன்று மாதக் கர்ப்பம், பெரும்பாலும் இரண்டு மூன்று குட்டிகள். அவை ஒன்றரை, இரண்டு வருடம் தாயோடு இருந்து வேட்டை பழகும். மரை, கேளையாடு, முள்ளம்பன்றி, பன்றி, மந்தி என்று கிடைப்பதைப் பிடிக்கும். இங்கே அதற்கு மேல் சிங்கமோ புலியோ இல்லாததால், ஆபிரிக்கச் சிறுத்தை மாதிரி இரையை மரத்தில் ஏற்றி வைக்கும் அவசியம் அதற்குக் குறைவு. மலைநாட்டில் காடு துண்டு துண்டாகிவிட்டதால் ஒரு துண்டிலிருந்து மற்றதற்குப் போகத் தேயிலைக்குள்தான் நடக்க வேண்டும். அங்கேதான் பன்றிக்கு வைத்த கண்ணி காத்திருக்கிறது.

கிளட்ச் வயரில் ஒரு சுருக்கு, அவ்வளவுதான். மரக்கறித் தோட்டத்தைப் பன்றி உழுதுவிட்டால் ஒரு குடும்பத்துக்கு என்ன நட்டம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கம்பி பன்றி எது சிறுத்தை எது என்று பார்க்காது. வயிற்றில் இறுகினால் வெளியே ஒரு கோடுதான் தெரியும். "காயம் சின்னது டொக்டர், பிழைத்துவிடும்" என்பார்கள். உள்ளே குடலும் தசையும் நசிந்து, திமிறித் திமிறிச் சிறுநீரகமும் கெட்டுப் போயிருக்கும். எங்கள் கைக்கு வரும்போது பாதி உயிர் போய்விடும்.

மீதியை எடுப்பது கூட்டம். தயவுசெய்து சுற்றி நிற்காதீர்கள், கத்தாதீர்கள், காணொளி எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். ஆட்களைக் கண்டு அது பாய்கிற ஒவ்வொரு தடவையும் கம்பி இன்னும் இறுகும். அறுந்தால் உங்கள் மேலேயே பாயும். 1992க்கு அழையுங்கள், அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம். அவர்கள் வரும்வரை எல்லோரையும் தூர அனுப்பி அமைதியாக வைத்திருங்கள். தண்ணீர் ஊற்றுவது, தடியால் தட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

தேயிலைக்குள் குட்டி கிடந்தால் தூக்கவே கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கும், இருட்டியதும் வரும். அந்த மலையில் ஒரு நாள் கொழுந்து எடுக்காமல் விடச் சொல்லித் தோட்டத்துரையிடம் கேளுங்கள். லயத்து நாய்களை இரவில் உள்ளே கட்டுங்கள், குப்பையைத் திறந்து போடாதீர்கள். குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு, முக்கியமாகத் தோட்டத்தில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு ஒன்று. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது கண்ணி வைக்கிற மாமாவிடமோ அண்ணனிடமோ நீங்கள்தான் பேச வேண்டும். நான் சொல்வதைவிட வீட்டுப் பிள்ளை சொன்னால் கேட்பார்கள். பிள்ளையின் சங்கிலியில் கோர்க்கப் புலிநகம் கேட்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். கருஞ்சிறுத்தையைக் கண்டால் படத்தோடு இடத்தின் பெயரைப் போடாதீர்கள். திணைக்களத்துக்கு மட்டும் சொல்லுங்கள்.